காலிக் கட்டங்களைப் படிக்கக் கற்பது

மருத்துவ ஆய்வுத் தரவுகளை ஆராயும் உயிரிப் புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் முடித்து எங்கள் ஆய்வுக் குழுவுக்கு வருபவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைத்திருக்கிறார்கள் என்பதை ஆராய 1958-இல் வந்த கப்லன்-மையர் முறையையும் 1972-இல் காக்ஸ் தந்த மாடலையும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் சில வரிகளில் போட்டுக் காட்டிவிடுவார்கள். தரவுக் கோப்பில் காலிக் கட்டங்களைப் பார்த்ததும்தான் கை நின்றுவிடுகிறது.

இரத்த அழுத்த மருந்து ஆய்வு ஒன்றில் பலருக்கு ஆறாம் மாத அளவீடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக் கணக்குப் போடத்தான் புதியவர்களுக்கு முதலில் தோன்றும். மென்பொருளும் பெரும்பாலும் தானாகவே அப்படிச் செய்துவிடுகிறது. நான் அங்கே நிறுத்தி, இவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பேன். தலைசுற்றல் வந்து மருந்தை விட்டவர்கள், உடம்பு சரியாகிவிட்டது என்று நின்றுகொண்டவர்கள், வீடு மாறிப் போனவர்கள் எல்லாரும் கோப்பில் ஒரே வெறுங்கட்டம்தான். தலைசுற்றலால் விலகியவர்களை நீக்கினால், மருந்தைத் தாங்கிக்கொண்டவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

விடுபட்ட தரவை, தற்செயலாக விடுபட்டதா, அளவீட்டோடு தொடர்புள்ள காரணத்தால் விடுபட்டதா என்று புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-லேயே வகைப்படுத்திவிட்டார். தேர்வில் அதை எல்லாரும் சரியாக எழுதுகிறார்கள். ஆனால் நம் கையிலிருப்பது எந்த வகை என்பதைத் தரவை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. நோயாளிகளுக்குப் போன் செய்யும் செவிலியரிடம் போய்ப் பேச வேண்டும். அந்தப் பேச்சை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதற்காகக் கோட்பாட்டுப் பாடங்களைக் குறைக்கச் சொல்லவில்லை. அவை இல்லாமல், விடுபட்ட மதிப்புகளைப் பல முறை ஊகித்து நிரப்பும் முறை எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதே புரியாது. கூடவே, ஒரு பருவமாவது மாணவர்கள் நடந்துகொண்டிருக்கும் ஆய்வு ஒன்றில் உட்கார வேண்டும். அதுவும் திட்டம் எழுதும் கட்டத்திலிருந்தே.

"ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும்?" என்று மருத்துவர் கேட்பார். "இரத்த அழுத்தம் எவ்வளவு குறைந்தால் நீங்கள் சிகிச்சையை மாற்றுவீர்கள், டாக்டர்?" என்று திருப்பிக் கேட்கப் பழக வேண்டும். கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம் பாதியானால், தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த ஒரு கேள்வியில் ஆய்வின் செலவும் காலமும் அடங்கியிருக்கின்றன. மருந்தை நடுவில் நிறுத்துபவர்களை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். மருந்து விதிமுறைகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச் (ICH), மருந்து ஆய்வுகளின் புள்ளியியலுக்காக வெளியிட்ட ஈ9 வழிகாட்டியின் 2019 இணைப்பும் அதைத்தான் வலியுறுத்துகிறது.

படிக்க இடம் தேடும் இளையவர்கள் என்னிடம் வந்தால், இரண்டு விஷயங்களை விசாரிக்கச் சொல்கிறேன். அங்கே மாணவர்கள் நிஜ ஆய்வாளர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்களா? தரவு கைக்கு வருவதற்கு முன்பே பகுப்பாய்வுத் திட்டம் எழுதப் பழக்குகிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால், சரி, தயங்காமல் சேரலாம்.