தம்பியின் கட்டியும் ஒரு மெழுகு பிளாக்கும்

தம்பிக்கு வலது முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில், எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. ஒன்றரை வருஷமாக இருந்தது, வலியில்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நீர்க்கட்டி என்று சொல்லி, எம்ஆர்ஐ கூட எடுக்காமல் வெட்டி எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஸ்பிண்டில் செல் கட்டி, மேற்கொண்டு பரிசோதனை தேவை' என்று ஒரே ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு ஓடினோம்.

அங்கே பேத்தாலஜி டாக்டர் ஸ்லைடை வாங்கி வைத்துவிட்டு, பிளாக் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வெட்டி எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டு, பிறகு பாரஃபின் மெழுகில் பதித்து வைப்பார்களாம், அதிலிருந்து மெல்லிசாகச் சீவித்தான் ஸ்லைடு போடுகிறார்கள். மறுபடி ஊருக்குப் போய், எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஏதோ. வெயிலில் உருகிவிடுமோ என்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராமல், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்திருந்தால், பிளாக் எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து கேட்டு வையுங்கள்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், ஸ்பிண்டில் செல் கட்டி, அதாவது நீள நீளமான செல்கள் உள்ள கட்டிகளில் பல வகை உண்டு, மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். டாக்டருக்கு சைனோவியல் சார்கோமா என்ற ஒரு வகைப் புற்றுநோயோ என்று சந்தேகம். (பெயரை வைத்து மூட்டுச் சவ்வில் வருவது என்று நினைக்க வேண்டாம், பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது.) எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதுதான் அதன் அடையாளம். அப்போது 18-இல் இருக்கும் எஸ்எஸ்18 மரபணு, எக்ஸில் இருக்கும் எஸ்எஸ்எக்ஸ் மரபணுவோடு ஒட்டிப்போகிறது. இதைப் பார்க்கத்தான் ஃபிஷ் டெஸ்ட், மரபணுவின் பக்கத்தில் ஒளிரும் நிறத்தை ஒட்டவைத்துப் பார்ப்பது.

ரிசல்ட் அன்று டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் நீல வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு செல். எஸ்எஸ்18-க்கு இந்தப் பக்கம் சிவப்புப் புள்ளி, அந்தப் பக்கம் பச்சை. உடையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். தம்பியின் செல்களில் ஒரு மஞ்சள், தள்ளி ஒரு சிவப்பு, இன்னொரு மூலையில் ஒரு பச்சை. செல்லுக்குச் செல் அதே மாதிரி. அதாவது மரபணு உடைந்திருந்தது, டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான்.

குரோமோசோம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. "நாங்க சொந்தத்துல கட்டினதாலதானே டாக்டர் பிள்ளைக்கு இப்படி?" டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இல்லம்மா. இது பிறவியில வந்ததில்ல. உங்க பையன் கால்ல ஏதோ ஒரு செல்லுல பின்னாடி நடந்தது, அது பெருகித்தான் கட்டியாச்சு. கட்டிக்கு வெளிய இந்த மாற்றம் இருக்காது. நாளைக்கு அவர் பிள்ளைகளுக்கும் போகாது." அம்மா திரும்பவும் அதையே கேட்டார், அவரும் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். என் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி உறவில் இரண்டு பேர் போன் செய்திருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் தழும்பைச் சுற்றி அகலமாக இன்னொரு அறுவை சிகிச்சை, ஆறு வாரம் கதிர்வீச்சு. நுரையீரலுக்குப் பரவக்கூடியது என்பதால் நெஞ்சு சிடி எடுத்துக்கொண்டே இருக்கிறோம், இதுவரை ஒன்றுமில்லை. பிளாக் இப்போது அம்மாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. அடுத்த சிடி வைகாசியில்.