டவுன்ஹில் பாறைமேல் ஒரு பேராயரின் நூலகம்

வட அயர்லாந்தின் டெர்ரியிலிருந்து கோல்ரெயின் செல்லும் ரயில், டவுன்ஹில் கடற்கரையைத் தாண்டியதும் பாறையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் புகுந்துவிடுகிறது. நான் காண வந்த மஸ்ஸெண்டன் கோயில் அந்தப் பாறையின் உச்சியில்தான் நிற்கிறது என்று தெரிந்திருந்தும், ரயிலிலிருந்து அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். காசில்ராக் நிலையத்தில் இறங்கி, வந்த திசையிலேயே திரும்பி நடக்க வேண்டியதாயிற்று.

கோயில் என்பது பெயரளவில்தான். இத்தாலியின் திவோலியில் உள்ள வெஸ்டா கோயிலை ஒத்த இந்த வட்டக் கட்டடம், 1785-இல் எழுப்பப்பட்ட ஒரு நூலகம். எழுப்பியவர் ஃபிரெடரிக் ஹெர்வி (1730–1803). டெர்ரியின் ஆங்கிலிக்கன் பேராயர் (பிஷப்), பிரிஸ்டலின் நான்காம் ஏர்ல் என்னும் பட்டம் தாங்கிய பிரபு. பிரபு குடும்பத்தில் மூத்தவனுக்கே பட்டமும் நிலமும் சேரும் என்பதால் இளையவர்கள் படைக்கோ திருச்சபைக்கோ போவது அக்கால வழக்கம். ஹெர்வியும் அப்படித்தான் குருவானவர் ஆனார். அயர்லாந்தின் ஆளுநராக அமர்த்தப்பட்டிருந்த அண்ணனின் செல்வாக்கால் 1767-இல் க்ளோய்ன் பேராயராகவும், மறு ஆண்டே வருமானம் மிகுந்த டெர்ரியின் பேராயராகவும் உயர்ந்தார். அண்ணன்மார் இருவரும் வாரிசின்றி இறந்ததால், 1779-இல் ஏர்ல் பட்டமும் அவரைத் தேடி வந்தது.

கையில் பணம் புரண்டதும் அவர் செய்தவை இரண்டு: கட்டினார், பயணம் செய்தார். கோயிலுக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் டவுன்ஹில் மாளிகை இன்று கூரையற்ற சுவர்களாக எஞ்சியிருக்கிறது. கண்டமெங்கும் அவர் சிலைகளும் ஓவியங்களும் வாங்கிக் குவித்தார்; ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் 'பிரிஸ்டல்' என்ற பெயரில் விடுதிகள் இருப்பதற்கு அவரது ஆடம்பரப் பயணங்களே காரணம் என்பார்கள். 1791-இல் அயர்லாந்தை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. ஆயினும் இறக்கும்வரை பேராயர் பதவியும் அதன் வருமானமும் அவரிடமே இருந்தன. இதை எந்த அளவுகோலால் அளந்தாலும் நல்ல மேய்ப்பரின் இலக்கணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவரை அவ்வளவில் ஒதுக்கிவிடவும் முடியவில்லை. கத்தோலிக்கரின் உரிமைகளைச் சட்டங்கள் ஒடுக்கிவந்த அக்காலத்தில், இந்த நூலகத்தின் கீழறையில் கத்தோலிக்கர் திருப்பலி நிறைவேற்றிக்கொள்ள இடம் கொடுத்தவர் இதே ஆங்கிலிக்கன் பேராயர். மேலே புத்தகங்கள், கீழே அடுத்த சபையாரின் பலிபீடம்.

குவிமாடத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட லத்தீன் வரிகள், கடவுளர் மனிதர் காரியத்தில் தலையிடுவதில்லை என்று பாடிய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸுடையவை: பெருங்கடலில் காற்று அலைகளைக் கொந்தளிக்கச் செய்யும்போது, கரையில் நின்று பிறர் படும் பாட்டைப் பார்ப்பது இனிது. ஒரு பேராயர் தேர்ந்தெடுக்கும் வரிகளா இவை! கட்டிய காலத்தில் கோயிலைச் சுற்றிக் குதிரை வண்டியே போகலாம் என்பார்கள். அந்த நிலத்தைக் கடல் அரித்துவிட, சரியும் பாறையை 1997-இல் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

அவர் இத்தாலியில் அல்பானோ அருகே இறந்தார். பிணம் ஏற்ற மாலுமிகள் அஞ்சுவார்கள் என்பதால், பழஞ்சிலை என்று பொய்ப்பெயரிட்டு அவர் உடலைக் கப்பலேற்றினார்களாம். இங்கிலாந்தின் சஃபோக்கில் அவரது குடும்ப நிலமான இக்வர்த்தில் 1817-இல் டெர்ரி மக்கள் அவருக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் டெர்ரியின் கத்தோலிக்க ஆயரும் இருந்தார்.