கடலோரத் தளமும் மட்டப்பலகையும்

கருவாடு காயப்போடும் களம், மீன் இறக்கும் தளம், ஐஸ் கொட்டகைத் தரை, வீட்டு மொட்டைமாடி, எதுவானாலும் சரி. இராமநாதபுரம் கடலோரத்தில் கான்கிரீட் கெட ஆரம்பிக்கிற இடத்தைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதெல்லாம் அதில் நீர் நிற்கும், வெயிலில் காயும், உப்பு மட்டும் தங்கும். அந்த உப்பின் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு ஊதி மேல் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும்.

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலோரக் காற்றுக்கு நேராகத் திறந்து கிடக்கும் கம்பிக் கான்கிரீட்டுக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30 வலிமைத் தரம், 0.45-க்கு மேற்படாத நீர்-சிமெண்ட் விகிதம், கம்பிக்கு 45 மி.மீ கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். கடல்நீர் தெறிக்கிற இடமானால் எம்35 தரமும் 50 மி.மீ கவரும் வேண்டும். கம்பியை உரிய உயரத்தில் தாங்கும் கவர் பிளாக், நாற்காலிக் கம்பி எல்லாம் சரியாக வைத்துவிட்டு, மேல்மட்டம் ஓரிடத்தில் 10 மி.மீ இறங்கிப்போனால் அங்கே 45 என்பது 35 ஆகிவிடுகிறது. உப்பு எங்கே அதிகம் நிற்குமோ அங்கேயே கவரும் குறைவு. கம்பியின் ஆயுளில் மட்டப்பலகை (ஈரக் கான்கிரீட்டின் மேல்முகத்தை இழுத்துச் சமப்படுத்தும் நேர்பட்டி) பிடிக்கிறவருக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது.

மட்டம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் திறந்தவெளித் தளத்துக்கு வேண்டியது வாட்டம். மீட்டருக்கு 10 மி.மீ என்பது நல்ல கணக்கு. 6 மீட்டர் ஓட்டத்துக்கு 60 மி.மீ இறக்கம். தண்ணீர் எந்தப் பக்கம் போய் எந்த வாய்க்காலில் விழ வேண்டும் என்பதை அடித்தளத்துக்கு மண் கொட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும். வாட்டத்தைச் சரிபார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. 2 மீட்டர் நேர்பட்டியின் தாழ்ந்த பக்கத்து நுனிக்கு அடியில் 20 மி.மீ கனமுள்ள மரத்துண்டைக் கட்டிவிட்டு, மேலே ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி.

ஓரிடத்து மட்டத்தை இன்னோர் இடத்துக்கு எடுத்துக் குறிக்க இங்கே இன்றும் அதிகம் புழங்குவது டியூப் லெவல்தான், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய். அது நம்பகமானது, ஆனால் இரண்டு தொல்லை உண்டு. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தவறும். தண்ணீர் நிரப்பியதும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அடுத்தது வெயில். பாதிக் குழாய் சுடுமணலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் சூடான பக்கத்துத் தண்ணீர் விரிந்து சற்று உயரும். காலையில் வெயில் ஏறுமுன் குறித்துவிடுவது நல்லது. லேசர் லெவல் கொட்டகைக்குள் அருமை. இந்தப் பக்கத்து உச்சிவெயிலில் கோடே கண்ணுக்குத் தெரியாது, லேசர் படும் இடத்தைக் காட்டும் ரிசீவர் இருந்தால்தான் உண்டு.

அடித்தளம் மணல் என்பதால் தண்ணீர் விட்டு அமுக்கி இடித்து, குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து அளந்துவிட வேண்டும். 10 மீட்டருக்கு 6 மீட்டர், 150 மி.மீ கனத் தளத்துக்கு 9 கன மீட்டர் கான்கிரீட். அடிமட்டம் சராசரியாக 10 மி.மீ தாழ்ந்திருந்தால் 0.6 கன மீட்டர் கூடுதலாக இழுக்கும். கன மீட்டருக்கு 380 கிலோ சிமெண்ட் என்றால் நாலரை மூட்டை. காய்ந்த மணல் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். முந்தின நாளே நனைக்கவும், அல்லது பாலித்தீன் தாள் விரிக்கவும். தாள் விரித்தால் கீழே இறங்க வழியில்லாத தண்ணீர் மேலேதான் கசிந்து வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

மட்டப்பலகை ஓடுவதற்கான வழிகாட்டிக்கு 25 மி.மீ பைப் அல்லது பாக்ஸ் குழாயை இரண்டரை மீட்டர் இடைவெளியில் வாட்டத்தோடு வைப்பது வழக்கம். மூன்று மீட்டர் பட்டிக்கு இந்த அகலம் தோதானது. பைப்பைத் தாங்க அடிக்கிற கம்பித்துண்டுகளில்தான் பெரும் கேடு. மட்டக்குறியாக அடித்த முளைக்கம்பியை அப்படியே விட்டுவிட்டால் அது மேல்முகத்திலிருந்து உள்கம்பி வரை துருவுக்குப் போட்ட நேர்வழி. சில மழைக்காலத்துக்குப் பிறகு தளத்தில் ஒழுங்கான இடைவெளியில் காசளவு செந்நிற வட்டங்கள் தெரிந்தால் அவை அந்த முளைகள்தான். கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே பைப்பையும் முளையையும் உருவி, குழியில் அதே கான்கிரீட்டைப் போட்டுக் குத்திவிட வேண்டும். இன்னும் நல்லது, அதே கான்கிரீட்டில் புள்ளி வைத்து அதை மட்டமாகப் பிடிப்பது.

மட்டம் பிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஊற்றுகிற தண்ணீரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு மூட்டைக் கலவைக்கு 0.45 விகிதத்தில் இருபத்திரண்டரை லிட்டர். மணலின் ஈரமும் இந்தக் கணக்குக்குள்தான். அதற்கு மேல் 5 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.55. இளக்கம் வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்தைச் சேருங்கள். தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கம்பிக் கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடலோர போர் தண்ணீரைச் சோதிக்காமல் எடுக்கக்கூடாது.

இனி மட்டப்பலகை. மரச்சட்டம் நனைந்து காய்ந்து முறுக்கிக்கொள்ளும். அலுமினிய பாக்ஸ் பட்டி அதைவிட மேலானது. ஆனால் ஈரக் கான்கிரீட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும், உப்பும் சேர்ந்தால் விளிம்பில் குழி விழும். வேலை முடிந்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவி வைக்க வேண்டும். பட்டி நேராக இருக்கிறதா என்று பார்க்க, சமதரையில் வைத்து விளிம்போரம் ஒரு கோடு இழுத்து, அதே விளிம்பு கோட்டின் மறுபக்கம் படும்படி பட்டியைப் புரட்டிப் போட்டு மீண்டும் இழுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி, இருக்கும் வளைவின் இரட்டிப்பு.

கான்கிரீட்டைத் தூர மூலையில் தொடங்கி, ஏற்கெனவே போட்டதன் மேல் சாய்த்துக் கொட்டி வர வேண்டும். ஓரிடத்தில் குவித்து வைப்ரேட்டர் ஊசியால் தள்ளினால் சிமெண்ட் பால் ஓடிவிடும், ஜல்லி தங்கிவிடும். அமுங்குவதற்காக 10 முதல் 15 மி.மீ கூடுதலாக விட்டு, ஊசியைச் செங்குத்தாக இறக்கி மெல்லத் தூக்கவும். பிறகு இருவர் பட்டியின் இரு நுனியையும் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல் பக்கவாட்டில் அசைத்தபடி பின்னோக்கி இழுப்பார்கள். பட்டிக்கு முன்னால் எப்போதும் இரண்டு மூன்று செ.மீ உயரத்துக்குக் கான்கிரீட் உருண்டு வர வேண்டும். அது அறுந்த இடம் பள்ளம். "இங்கிட்டு ஒரு சட்டி போடுங்கண்ணே" என்று பட்டி பிடிப்பவர் உடனே குரல் கொடுக்க வேண்டும். அங்கே போட வேண்டியது ஜல்லியோடு கூடிய கான்கிரீட். வெறும் கலவையைப் பூசினால் காய்ந்ததும் சுருங்கி அதே பள்ளம் திரும்ப வரும். முதல் இழுப்பு அறுக்க, இரண்டாவது சரிபார்க்க. இதன் பின்னே நீளக் கைப்பிடிப் பலகையை ஓட்டி மேட்டை அமுக்கிப் பொத்தலை மூடிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த கட்டத்தில்தான் இந்தக் கரையின் காற்று ஏமாற்றுகிறது. மற்ற ஊர்களில் மேலே கசிந்த தண்ணீரின் மினுமினுப்பு போனதும் தேய்க்கத் தொடங்கலாம். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன், மண்டபம் பக்கம் அந்த மினுமினுப்பு கண்முன்னே போய்விடும். மேலே ஆடை கட்டிவிடும், அடியில் கான்கிரீட் இளகியே கிடக்கும். அப்போது மணியாசுக்கட்டையை (மேல்முகம் தேய்க்கும் மரக்கட்டை) வைத்துத் தேய்த்தால் மேல்தோல் ரப்பர்போல நெளிந்து அலையாகும், அடியிலிருந்து வருகிற நீர் தோலுக்குக் கீழே சிக்கிப் பின்னாளில் ஏடு ஏடாக உரியும். கண்ணை நம்பாமல் காலை நம்ப வேண்டும்: தடம் ஏறக்குறைய 6 மி.மீ ஆழம் பதிந்தால் தேய்க்கலாம், அதைவிட ஆழமாகப் போனால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பாலித்தீன் தாளைப் போர்த்தி வைக்கலாம். காற்று வரும் பக்கம் ஆள் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டலாம். விடியுமுன் தொடங்கினால் பாதித் தொல்லை குறையும். சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக மயிர்க்கோடுகள் தெரிந்தால் அது ஈரம் வேகமாகப் போனதால் வந்த வெடிப்பு. பச்சையாக இருக்கும்போதே கட்டையால் அடித்து மூடிவிட்டால் உண்டு.

ஈரத்தை இழுக்கச் சிமெண்ட் தூவுவதும், தேய்க்க வராத இடத்தில் தண்ணீர் தெளிப்பதும் இரண்டுமே மேல்தோலைக் கெடுக்கும் வழக்கங்கள். இரண்டையும் அடியோடு விட வேண்டும். மீன் தளத்தை இரும்புக் கரண்டியால் பளபளப்பாக்குவதும் வேண்டாம், வழுக்கும். கடைசியில் ஈர்க்குமாற்றை வாய்க்காலை நோக்கி ஒரே போக்கில் இழுத்துவிட்டால் அந்த வரிகளில் தண்ணீரும் இறங்கும்.

கண்ட இடத்தில் வெடிக்காமலிருக்க 150 மி.மீ தளத்துக்கு நாலு மீட்டருக்கு ஒரு வெட்டு, 40 மி.மீ ஆழம், விளிம்பு உதிராத அளவுக்கு இறுகியதும் வெட்டிவிட வேண்டும், மறுநாள் மதியம் வரை தள்ளக்கூடாது. அடுத்தது நீராற்றல், அதாவது கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைத்திருப்பது. வாட்டமுள்ள தளத்தில் தண்ணீர் நிறுத்த ஒரே பாத்தி கட்டினால் மேட்டுப் பக்கம் காய்ந்துபோகும். படிப்படியாகச் சிறு பாத்திகள், அல்லது நனைத்த சாக்கு, எப்போதும் நல்ல தண்ணீர். இந்த வெயிலுக்குச் சாதாரண சிமெண்டானால் 10 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 14 நாள்.

நீராற்றல் முடிந்ததும் ஒரு குடம் நீரை மேட்டில் ஊற்றிப் பாருங்கள். நிற்கிற இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, 3 மீட்டர் பட்டியை வைத்து இடைவெளியை அளக்கவும். பள்ளத்தில் மெல்லிய கலவை பூசி நிரப்பினால் விளிம்பு உரிந்து, அதன் அடியில் உப்புநீர் புகுந்து நிற்கும். தண்ணீரைத் தடுக்கிற மேட்டை, கவர் 45 மி.மீக்குக் கீழே (கடல்நீர் தெறிக்கிற இடமானால் 50) போகாத அளவுக்குக் கிரைண்டரால் தேய்த்து வழி விடலாம். மேடு இல்லாமல் பள்ளம் மட்டும்தான் என்றால், சுற்றிலும் 10 மி.மீ ஆழத்துக்கு நேர்விளிம்பாக வெட்டிக் கொத்தி எடுத்து, ஒட்டும் பாலிமர் கலவை போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடியும் மட்டம் பிடிக்க வேண்டும்.