சயாட்டிகாவும் நானும்: எந்த ஆசனம் கெடுத்தது, எது காப்பாற்றியது

முதுகு வலி என்று வாயைத் திறந்தாலே "யோகா செய்யுங்க" என்கிறார்கள். எந்த ஆசனம், எந்தக் கட்டத்தில் என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சயாட்டிகா என்பது இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பு வலி. எனக்கு அந்த வலி வந்தது, ஸ்கேன் எடுத்தது எல்லாம் வழக்கமான கதை. முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்5, எஸ்1 என்ற எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அறுவை சிகிச்சை தேவையில்லை என்றார் டாக்டர். மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்கியதும் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். சேரும்போதே மாஸ்டரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "எல்லாம் சரியாயிடும், உட்காருங்க" என்றார்.

பச்சிமோத்தாசனம். காலை நீட்டி உட்கார்ந்து குனிய வேண்டும். பாதி குனிந்ததுமே தொடையின் பின்பக்கம் சுளீரென்று இழுத்தது. சொன்னேன். "தசை இறுக்கம்தான்" என்று முதுகில் கை வைத்து அழுத்தினார். மறுநாள் காலை காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. பிட்டத்தோடு நின்றிருந்த வலி கெண்டைக்கால் தாண்டி சுண்டுவிரல் பக்கம் வரை இறங்கிவிட்டது. போன் செய்து கேட்டால், "உள்ளே இருக்கிற வலி வெளியே வருது, நல்ல அறிகுறி" என்கிறார்! முன்கூட்டியே கட்டிய பணமும் போனது.

அது தசை இல்லை, நரம்பு. சயாட்டிகா இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் நம்மைப் படுக்க வைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்குவார் இல்லையா? 30 முதல் 70 டிகிரிக்குள் காலில் வலி ஓடினால் நரம்பு சிக்கியிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். பச்சிமோத்தாசனம் அதே சோதனையை உட்கார்ந்து செய்வதுதான். போதாததற்கு, குனியும்போது டிஸ்க்கின் உள்ளிருக்கும் கூழ் நரம்பு இருக்கும் பின்பக்கமாகத் தள்ளப்படும். சூரிய நமஸ்காரத்தில் நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்திலும் இதே சிக்கல் உண்டு, அதனால் "பொதுவான பயிற்சிதானே" என்று ஏமாற வேண்டாம்.

அப்புறம் பிசியோதெரபி படித்த ஒரு யோகா ஆசிரியை கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "உட்கார்ந்தா வலி அதிகமா, நடந்தா அதிகமா?" டிஸ்க் பிதுக்கத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தால் அதிகமாகும். வயதானவர்களுக்கு வரும் தண்டுவடப் பாதைக் குறுக்கத்தில் நடந்தால் அதிகமாகும், குனிந்தால் சுகமாக இருக்கும். அவர்களுக்குப் பின்னால் வளைக்கும் ஆசனங்கள் ஆகாது. ஆக, நான் செய்ததை அப்படியே எடுத்துச் செய்யாதீர்கள்.

முதலில் மகராசனம் மட்டும், அதாவது குப்புறப் படுத்துக் கிடப்பது. இதற்கா காசு என்று தோன்றியது. பிறகு குப்புறப் படுத்தபடியே முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்கும் பாதி புஜங்காசனம், அது பழகியபின் கையை ஊன்றி. கடைசியில், குப்புறப் படுத்து ஒரு காலை மட்டும் தூக்கும் ஒற்றைக் கால் சலபாசனமும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனமும்.

அவர் சொன்ன ஒரு விதிதான் எனக்கு எல்லாமும்: வலி காலிலிருந்து மேலேறி இடுப்புக்கு வந்தால் சரியான வழி, கீழே இறங்கினால் உடனே நிறுத்து. ஒரு கட்டத்தில் கால் வலி விட்டு நடு இடுப்பில் வலி கூடியபோது நான் பயந்துபோனேன். அவரோ சந்தோஷப்பட்டார். அவர் சொன்னது சரிதான்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே கூடாது. இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். வெறும் வயிறு என்று விடிந்ததும் ஆசனத்தில் இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாப் புகழையும் யோகாவுக்கே கொடுக்கவும் மனம் வரவில்லை. டிஸ்க்கால் வரும் சயாட்டிகா பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே குறையும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017-இல் முதல்கட்ட சிகிச்சைகளில் யோகாவைச் சேர்த்ததும் நாள்பட்ட இடுப்பு வலிக்குத்தான். நரம்பு கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அதை ஆதாரமாகக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

இப்போது நீண்ட பயணம்கூடப் போக முடிகிறது, நடுநடுவே எழுந்து நின்றால் போதும். பச்சிமோத்தாசனத்தை மட்டும் இன்றுவரை தொடவில்லை. கால் விரலைத் தொட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.