மூலையில் இருந்த கை

“அந்தக் கை மட்டும் இல்லையென்றால் அருமையான படம். வெட்டிவிடலாம்” என்று நடுவர் சொன்னபோது நான் மூன்றாவது வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இங்கிலாந்தின் புகைப்படக் கழகங்களில் அதுதான் முறை. திரையில் படம் வரும், தலைப்பை மட்டும் வாசிப்பார்கள், எடுத்தவர் யார் என்று நடுவருக்குத் தெரியாது. அவர் குறை நிறை சொல்லி 20-க்கு மதிப்பெண் போடுவார். இடையில் எழுந்து விளக்கம் சொல்லக் கூடாது. என் படத்துக்கு 14 கிடைத்தது.

வெட்டச் சொன்னது என் அம்மாவின் கையை.

போன மார்கழியில் விடுப்பில் தஞ்சாவூர் போயிருந்தபோது, கரந்தையில் எங்கள் வீட்டு வாசலில் எடுத்த படம் அது. விடியற்காலை ஐந்தரை மணி. 15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளிக் கோலம். தெருவிளக்கும் மாடத்து அகலும் தவிர வேறு வெளிச்சம் இல்லாததால் ஷட்டரை எட்டில் ஒரு பங்கு நொடி திறந்து வைக்க வேண்டியிருந்தது. தரையில் கிடந்த கோலம் கூர்மையாக விழுந்தது. கடைசி இழையை இழுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை மட்டும் வலது மூலையில் புகை மாதிரி கலங்கி, இரண்டு கண்ணாடி வளையல்களோடு பதிந்துவிட்டது. கண்ணை ஓரத்துக்கு இழுக்கிறது, கூர்மையும் இல்லை என்றார் நடுவர். இரண்டும் உண்மைதான். ஆனாலும் கோலம் தானாக முளைத்தது போல அவர் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோர நகரமான இந்தப் பிளிமத்துக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேர் பிடித்துவிட்டது என்றே சொல்வேன். டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைவது இப்போது என்னை அழுத்துவதில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்த காலைகளில் கேமராவோடு கடற்கரை மேட்டுக்குப் போய்விடுகிறேன். கழகத்துக்காரர்கள் சிலரும் அங்கே இருப்பார்கள். மழை தூறினால் நாம் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம்; இவர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். 1759-இல் நடுக்கடலில் எடிஸ்டோன் பாறைமேல் கட்டி, பிறகு மேற்பகுதியை மட்டும் கல் கல்லாகப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்த ஸ்மீட்டன் கலங்கரை விளக்கம் அங்கே சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறது. அதை எடுக்காதவர் கழகத்தில் ஒருவரும் இல்லை. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஷட்டரை முப்பது நொடி திறந்து வைத்தால் அலையெல்லாம் அடங்கிக் கடல் பாலாடை போல் ஆகிவிடும். இதைக் கற்றுத் தந்தவர்களும் அவர்களே. முப்பது வரை எண்ணிக்கொண்டு நிற்பேன். பதினைந்தைத் தாண்டுவதற்குள் எங்கள் அடுப்படியும், ஆறின பாலின் மேல் படிந்த ஆடையைச் சுருட்டி அம்மா எனக்கென்று எடுத்து வைத்த சின்ன வெண்கலக் கிண்ணமும் வந்து நிற்கும். பல தடவை எண்ணிக்கை தவறியிருக்கிறது.

அவர்கள் குறை சொல்லும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. “அழகாக இருக்கிறது. ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?” என்று கேள்வியாகவே முடிப்பார்கள். எங்கள் பெரியப்பாவாக இருந்தால் “தலையை வெட்டிவிட்டாயே!” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

அன்று தேநீர் இடைவேளையில் ஒரு பெரியவர் பிஸ்கட் தட்டோடு என்னிடம் வந்தார். கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படம் என்னுடையது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார். “யாருடைய கை?” என்று கேட்டார். அந்த மாலையில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சொன்னேன். எந்த ஊர் என்றார். தஞ்சாவூர் என்றதும் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “உங்கள் கோயிலைப் படம் பிடித்தவர் எங்கள் டெவன்போர்ட்காரர்!”

அடுத்த வாரம் ஒரு கனத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1822-இல் பிளிமத்தின் ஒரு பகுதியான இந்த டெவன்போர்ட்டில் பிறந்து கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் சேர்ந்தவர். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். 1858-இல் நம் பெரிய கோயிலை எடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கோபுரத்தை, பஸ்ஸில் போகிற தூரத்தில் பிறந்த ஒருவர் எடுத்த படமாகப் பார்த்தேன். தொண்டையை அடைத்தது.

மெழுகேற்றிய காகிதத்தில் எடுத்த படங்கள் அவை. லென்ஸ் வெகுநேரம் திறந்திருக்க வேண்டும். அசையாமல் நின்றது மட்டுமே பதியும். நடந்து போனவர், குனிந்து கும்பிட்டவர், வாசல் பெருக்கியவர் எல்லாரும் காகிதத்தில் நிற்காமல் போயிருப்பார்கள். பெரியவர் ஒரு வானத்தைக் காட்டினார். டிரைப் பல நெகட்டிவ்களில் மேகங்களைத் தன் கையாலேயே தீட்டிச் சேர்த்தாராம். அந்தக் கையை மட்டும் யாரும் வெட்டச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது.

விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிவரும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டியிருக்கிறார் டிரைப். பெரியவருக்கு அது வரி வரியான கோலம், எனக்கு எழுத்து. நின்ற இடத்திலேயே மனப்பாடமாகச் சொன்னேன்: “நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்.” இதையெல்லாம் கல்லிலே வெட்டச் சொன்னவன் ராஜராஜன் என்று விளக்கினேன். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர்களின் பெயர்கூட அந்தக் கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது. வெட்டு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வழி தெரியவில்லை. அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

படத்தை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பி, நடுவர் சொன்னதையும் சொல்லியிருந்தேன். அம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“கையை விடுடி. நாலாவது வரிசையில் ஒரு புள்ளி தள்ளிப்போயிருக்கிறது, தெரிகிறதா? அதனால்தான் அந்தப் பக்கத்து இழை கோணியிருக்கிறது. இதைப் போய் ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாயே!”

நான் பார்க்கவில்லை. நடுவர் பார்க்கவில்லை. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

நேற்று அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அதே 15 புள்ளிக் கோலம், ஓர் இழை பிசகவில்லை. செம்மண் கரையும் கட்டியிருக்கிறாள். கீழே ஒரு வரி: “கை விழாமல் தள்ளி நின்றுகொண்டேன். இதைப் போட்டிக்குக் கொடு.”

பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன். இடது ஓரத்தில், செம்மண் கரைக்கு அப்பால், மாவுக் கொட்டாங்கச்சியும் அதன் பக்கத்தில் மெட்டி போட்ட பாதி விரலும் இருந்தன. போட்டிக்குப் படம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஓரங்களில் கை வைக்காமல் அப்படியே கொடுக்கப் போகிறேன்.