டி.சி. வாங்கிட்டுப் போங்க என்றார்கள்

பள்ளியில் சேர்த்த அன்று நானேதான் சாரிடம் சொன்னேன், "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க சார்" என்று. ஜனவரியில் பையன் தொடையில் நாலு பிரம்புத் தடத்தோடு வந்து நின்றான். புகார் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். வீட்டுக்காரிக்கு முதுகுவலி வந்த பிறகு, காலையில் ஒட்டுப்பால், அதாவது மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக் கிடக்கும் ரப்பர் பால், பெறக்க ஏழாம் வகுப்புப் பையனும் கூட வருவான். பள்ளிக்குத் தாமதம் அதனால்தான். மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நாலாம் நாள் அடி. அவன் ஏதோ எதிர்த்துச் சொல்ல, டி.சி. பேச்சு வந்தது.

பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் அடித்தேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி அடிக்கவும் கூடாது, மனசை நோகடிக்கவும் கூடாது. 16-ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றவும் முடியாது என்றார்கள். எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டி ஓ.பி. சீட்டு வாங்கினேன். மனுவில் தேதி, நடந்தது, நான் கேட்பது, அவ்வளவுதான். நகலில் சீல் போடப் பள்ளியில் மறுத்தார்கள். அதனால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒன்று. "நாம வாங்காத அடியாடே?" என்றான் அண்ணன். வாங்கினோம், எட்டாம் வகுப்போடு நானும் நின்றேன்.

ஒரு வாரத்தில் ஹெச்.எம். கூப்பிட்டார். சாரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அடியும் டி.சி. பேச்சும் இனி வேண்டாம், ஏன் லேட் என்று இவனிடமே கேளுங்கள் என்றேன். சார் கேட்டார்.

"ஒட்டுப்பால் பெறக்குனேன் சார்."

சார் என் பக்கம் திரும்பினார். "பிள்ளைய எதுக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போறீரு?"

எனக்குப் பதில் இல்லை. பள்ளி நாளில் கூட்டிப் போகமாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். தாமதமானால் முதலில் எனக்குப் போன். விட்ட பாடத்தை மத்தியானம் எழுதி முடிப்பது என்றும் முடிவானது. எதிர்த்துப் பேசியதற்குப் பையன் மன்னிப்புக் கேட்டான். அடித்ததற்குச் சார் கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் போன் வந்தது. "பஸ் வரல்ல சார்" என்றேன்.

"சரி, வரட்டும்" என்று வைத்துவிட்டார்.