யோக்கில் மாட்டிய ஜிபிஎஸ்

சேலம் விமான நிலையத்திலிருந்து கோவைக்கு நேர்கோட்டில் சுமார் 75 நாட்டிகல் மைல். இரண்டு பேர் உட்காரும் சிறிய பயிற்சி விமானமான செஸ்னா 152-இல் ஐம்பது நிமிடம் சொச்சம். இடப்பக்கம் சங்ககிரி மலை, அதே பக்கம் பவானிக் கூடுதுறை, கடைசியில் அவினாசி என்று அடையாளங்கள் வரிசையாக வரும். வானம் தெளிந்திருந்தால் வரைபடமும் கடிகாரமும் போதும். கோடைப் புழுதி மூட்டம் பார்வையைக் குறைக்கும்போது, கோட்டுக்குத் தெற்கே சூலூர் விமானப்படைத் தளம் இருப்பது நினைவுக்கு வந்து கையடக்க ஜிபிஎஸ்ஸின் அருமை தெரியும். அந்தக் கருவிகள் இப்போது நம்பகமானவை. தகராறு கிளம்புவதெல்லாம் அதை எங்கே, எப்படி மாட்டினார்கள் என்பதில்தான்.

இடம் பார்க்கும்போது எல்லோரும் முதலில் சிக்னலைப் பற்றித்தான் கேட்பார்கள். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, விமானியின் முன்னால் ஸ்டீயரிங் போல இருக்கும் யோக் முழுதாக அசைகிறதா. அடுத்தது, கண்ணும் கையும் எங்கே போகின்றன.

செஸ்னாவில் யோக்கின் தண்டு, முன்னாலுள்ள கருவிப் பலகையான பேனலுக்குள் போய் வருகிறது. ஜிபிஎஸ்ஸைத் தாங்கும் கிளாம்ப்பை அந்தத் தண்டில் பிடித்தால், யோக்கை முழுக்க முன்னால் தள்ளும்போது கிளாம்ப் பேனலில் முட்டி நின்றுவிடும். விரல் அகலம்தான் குறையும். ஆனால் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் கடைசிப் பங்கு அந்த விரல் அகலத்தில்தான் இருக்கிறது. ஆகவே கிளாம்ப் யோக்கின் கைப்பிடிக்கு எவ்வளவு ஒட்டி வருமோ அவ்வளவு ஒட்டி வர வேண்டும். இன்னொன்று: இடப்பக்கத் தண்டில், விமானம் நிற்கும்போது யோக்கை அசையாமல் பூட்டும் கண்ட்ரோல் லாக்கின் ஊசி நுழைய ஒரு துளை உண்டு. கிளாம்ப் அதை மூடிவிட்டால், இறங்கிய பிறகு லாக் போட முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஜூன், ஜூலையில் லாக் இல்லாமல், விமானம் நிறுத்தும் தளமான ஏப்ரனில் நிறுத்தி வைத்தால் இறக்கையில் அசையும் பலகையான எய்லரானும் எலிவேட்டரும் இரவெல்லாம் அடித்துக்கொண்டே கிடக்கும்.

மாட்டிய பிறகு சோதனை இப்படி: ஓட்டுபவர் பறக்கும்போது உட்காரும் அதே உயரத்தில், அதே இடத்தில் சீட்டை நகர்த்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட் போட்டு, குறிப்பெழுதும் பலகையான நீபோர்டும் தொடையில் கட்டியிருக்க வேண்டும். யோக்கை முழுக்கப் பின்னால் இழுத்து, அப்படியே இடப்பக்கம் முழுக்கத் திருப்பு, பிறகு வலப்பக்கம். முழுக்க முன்னால் தள்ளி மறுபடியும் இரண்டு பக்கமும். நான்கு மூலையிலும் கருவி தொடையில் இடிக்கக் கூடாது, கேபிள் எதிலும் மாட்டி இழுபடக் கூடாது. ஒல்லியான மாணவரை வைத்துச் சோதித்து ஒப்புக்கொண்ட அமைப்பு, கொஞ்சம் தாட்டியான பயிற்சியாளர் உட்கார்ந்ததும் தொடையில் இடிப்பது சகஜம். ஆள் மாறினால் சோதனையும் மறுபடி.

யோக்கில் மாட்டினால் கருவி பேனலின் கீழ்ப்பகுதியை மறைக்கும். செஸ்னாவில் மாஸ்டர் சுவிட்ச்சும் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சாவியும் அங்கேதான் இருக்கின்றன. இன்ஜின் புகைகிறது என்றால் கை பார்க்காமலே அங்கே போக வேண்டும். ஏழு அங்குலத் திரையை விட ஐந்து அங்குலம் நல்லது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். பெரிய திரைக்கு ஆசைப்படுபவர்கள் அதைத் தொடையில் வைத்துக்கொள்ளட்டும்.

சக்‌ஷன் கப் வாங்கி வருபவர்கள், காரில் ஒட்டுவது போலவே ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கார் கண்ணாடி வேறு. இந்த விண்ட்ஷீல்டு அக்ரிலிக். வெயிலில் அது இளகும்; கப் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நாளடைவில் தலைமுடி போன்ற நுண்விரிசல்கள் படரும். எதிர்வெயிலில் அந்த இடம் முழுக்க வெள்ளையாகக் கூசும். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி கிளீனரால் துடைத்தாலும் அதே கதி. தண்ணீரும் மென்மையான சோப்பும், பருத்தித் துணியும் போதும். கப்பை ஒட்டியே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் ஒட்டி, பறந்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். மதிய வெயிலில் காற்று குலுக்கும்போது அது கழன்று விழுவதும் உண்டு. விழுந்தால் ரட்டர் பெடலுக்கு அடியில்தான் போய் நிற்கும். பாதுகாப்புக் கயிறு கட்டுவதானால், விழுந்த கருவி பெடலைத் தொடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும்.

காந்தத் திசைகாட்டி விண்ட்ஷீல்டின் நடுவில், கண் உயரத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் காந்தம் வைத்த மவுண்ட், காந்த மூடி போட்ட டேப்லெட் உறை எதுவும் வரக் கூடாது. கருவியை அணைத்து, இயக்கி, சார்ஜ் ஏற்றி என்று மூன்று நிலையிலும் திசைகாட்டியைப் பார்க்க வேண்டும். அசைந்தால் இடத்தை மாற்றுவதுதான் வழி. அசைவைக் குறித்து வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போடும் வேலை வேண்டாம்.

மவுண்ட்டின் கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 80 முறை எரிதுடிப்பு. நீளக் கையின் நுனியில் கருவியைத் தொங்கவிட்டால் திரையில் எழுத்து இரட்டையாகத் தெரியும், சில நாளில் பந்து மூட்டும் தளரும். ரப்பர் பூசிய பந்தில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலும் பிடி போய்விடும். முறுக்கி இறுக்குவதற்கு முன் துடைத்துப் பார்க்கவும்.

மின்சாரத்தில்தான் காசு கரியாகிறது. பழைய செஸ்னாக்களில் 14 வோல்ட், பின்னால் வந்தவற்றில் 28 வோல்ட். 12 வோல்ட் மட்டும் தாங்கும் கார் சார்ஜரை 28 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் புகை வாசனை வரும். காக்பிட்டுக்குள் அந்த வாசனையை யாரும் விரும்பமாட்டார்கள். 12–24 என்று போட்டிருந்தாலும் உச்ச வரம்பு 30 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவு சார்ஜர்களின் இன்னொரு குணம் ரேடியோ இரைச்சல். ரேடியோவில் பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்துச் சார்ஜரைச் செருகிப் பிடுங்கினால், இரைச்சல் ஏறி இறங்குவது ஹெட்செட்டிலேயே கேட்கும்.

எதிர்த்திசையிலும் தொல்லை உண்டு. ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அதை 13-ஆல் வகுத்தால் 121.19, 12-ஆல் வகுத்தால் 131.29. இந்த எண்களை ஒட்டிய அலைவரிசைகளில் பேசும்போது ரேடியோவின் மடங்கு அலை ஜிபிஎஸ்ஸின் காதை அடைத்துவிடலாம். பேசும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சிக்னல் கோடுகள் சரிந்தால் ஆன்டெனாவை ரேடியோவிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கருவியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

இனி சிக்னல். செஸ்னாவுக்கு இறக்கை மேலே, கூரை அலுமினியம். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. அதனால், ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் இந்திய அமைப்பான ககனின் திருத்தத்தை அனுப்பும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நமக்கு மிக உயரத்தில், தலைக்கு மேலே இருக்கின்றன. விண்ட்ஷீல்டு வழியாக அவை எட்டுவது கஷ்டம். ககன் திருத்தம் இல்லாமல் வெறும் ஜிபிஎஸ் நிலை மட்டும் காட்டினால் பதற வேண்டாம். பார்த்துப் பறக்கும் பயணத்துக்கு அது தாராளம். தனி ஆன்டெனாவை, பேனலுக்கு மேலுள்ள தட்டான க்ளேர்ஷீல்டின் மேல் வைத்தால் பெரும்பாலும் மற்ற செயற்கைக்கோள்கள் போதுமான அளவு கிடைத்துவிடும்.

ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை வைத்துப் பறக்கும் மட்டத்தைப் பிடிக்கக் கூடாது. 5,000 அடியில் தரநிலை வெப்பம் 5 டிகிரி. நம் கோடையில் அங்கே 25 இருந்தால், 1,000 அடி உயர நிலையத்தின் கியூஎன்ஹெச் (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) வைத்து, காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 5,000 காட்டும்போது உண்மையான உயரம் சுமார் 300 அடி கூடுதலாக இருக்கும். இரண்டும் பொருந்தவில்லையே என்று கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆல்டிமீட்டரையே பிடியுங்கள்; மற்ற விமானங்களும் அதைத்தான் பிடிக்கின்றன.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய ஒரு சபலம். கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத் பட்டறையில் சொன்னாலும் மதியத்துக்குள் அலுமினியத் தகட்டில் அருமையான பிராக்கெட் செய்து தந்துவிடுவார்கள். "பேனல்ல ரெண்டு ஓட்டை போட்டு முடுக்கிட்டா கல்லு மாதிரி நிக்குமுங்க சார்" என்பார்கள். நிற்கும், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கையால் கழற்றி எடுக்கிற வரைக்கும்தான் அது பையில் கொண்டுவந்த சாமான். துளை, ரிவெட், நேரடி வயரிங் என்று போய்விட்டால் அது விமானத்தில் செய்த மாற்றம். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி ஒப்புதலும் பதிவேட்டில் கையெழுத்தும் வேண்டும். கழற்றி மாட்டும் கருவிக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியின் இயக்கக் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இறங்கியதும் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் கிளாம்ப்பையும் கழற்ற வேண்டும். பூட்டிய காக்பிட்டில் ஏப்ரல் வெயில் லித்தியம் பேட்டரியை வேகவைத்துவிடும். விட்டுப்போன கிளாம்ப்போ, அடுத்து ஏறுபவரின் சீட்டுக்கு அளந்து மாட்டியதாக இருக்காது.